பூட்டியே வைத்த மேல் குளியலறை

அன்புள்ள செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நல்ல சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குறைகூட இல்லாமல் இருக்க வேண்டும். அவரால் இனி மாடிப்படி ஏற முடியாது, இந்த வீட்டை விற்றால்தான் கீழ்த்தளமாக ஒரு சின்ன வீடு வாங்கலாம் என்பது உனக்கே தெரியும். போன வாரம் பார்க்க வந்த தம்பதி ஓர் இன்ஜினியரையும் கூட்டி வந்தார்கள். நான் வாய் ஓயாமல் வீட்டின் பெருமை பாடினேன். மேல் குளியலறையைத் திறந்து, விருந்தாளிக்கென்று கட்டின நாளிலிருந்து பூட்டியே வைத்திருக்கிறேன், ஹீட்டர் புத்தம் புதுசு என்றேன். இன்ஜினியர் ஹீட்டர் மூடியைக் கழற்றினார், உள்ளே ஒரே துரு. குழாயைத் திருகினார், வாஷர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. யூஸ் பண்ணாலும் பண்ணாட்டியும் இதுக்கெல்லாம் வயசு ஆயிட்டேதாம்மா இருக்கும், ஹீட்டர்னா பத்துப் பன்னிரண்டு வருஷம், ரப்பர் அதுக்கும் முன்னாடியே போயிடும் என்றார் பொறுமையாக. படியடியில் நின்ற அப்பா சும்மா இருக்காமல், இங்க கீழ இருக்கிற அடுப்புல பால்கூடக் காய்ச்சினதில்லை சார், பிளாஸ்டிக் உறைகூட அப்படியே இருக்கு என்று எடுத்துக் கொடுத்தார். இவரை என்ன செய்தால் தகும், நீயே சொல்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தப் பெண், உன் வயதுதான் இருக்கும், உங்க பொண்ணுகூட இங்க வெந்நீர்ல குளிச்சதில்லையாம்மா என்று சாதாரணமாகக் கேட்டாள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே பச்சைத் தண்ணிதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். வாய் கூசாமல் சொன்னேனடி. பரீட்சை நாளில் பல் கிடுகிடுக்க அந்தக் கதவருகே நின்று, இன்னிக்கு மட்டும்மா என்று நீ கெஞ்சியதும், சாவியை நான் இடுப்பிலேயே செருகிக்கொண்டு நின்றதும் கண்முன் வந்தன. பொருள் வீணாகிவிடும் என்றுதான் கொடுக்கவில்லை.

நேற்று ஃபோன் செய்தார்கள், வீட்டை எடுத்துக்கொள்கிறார்களாம், மேல் குளியலறையை மட்டும் இடித்துக் கட்டிக்கொள்கிறார்களாம். அப்பாவுக்கு நிம்மதி. நான் உட்கார்ந்து அழுதேன். முகம் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். ஒன்று மறந்துவிடாதே. அங்கே அந்தக் குளிரிலும் நீ பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறாயாம், கேட்டால் ஹீட்டர் சீக்கிரம் போயிடும் என்கிறாயாம், மாப்பிள்ளை சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாம்மா, வெந்நீரில் குளி.

உன் அம்மா