தட்டை டார்ச்சையே வாங்கு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குச் சண்டை போட்டு சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே அந்தக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாமல், நல்லபடியாக இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போடு என்பார் உன் அப்பா, போட்டதும் ஒட்டி உட்கார்ந்துகொண்டு நான் வாயைத் திறப்பதற்குள் எனக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லிவிடுவார். இது அவர் காதில் விழக்கூடாத சமாசாரம். அதனால்தான் தையல் மிஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன், நூல் வாங்கப் போகிற சாக்கில் தபாலில் சேர்த்துவிடுவேன். எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், காலையிலிருந்து சீட் கவர் ரெக்ஸினை இழுத்துப் பிடித்துத் தைத்ததில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

முதலில் டார்ச் கதையைச் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் இத்தனை வருஷம் வைத்திருந்த ஊதா விளக்கு, அதுதான் நீளமான வயரோடு கார் பேட்டரியில் மாட்டுவாரே, அது பானெட்டிலிருந்து விழுந்து சுக்குநூறாகிவிட்டது என்று உனக்குத் தெரியும். கார் ஏசியில் கேஸ் எங்கே கசிகிறது என்று பார்க்க உள்ளே சாயத்தை ஏற்றிவிட்டு அந்த விளக்கை அடித்தால்தானே கசிகிற இடம் பச்சை மஞ்சளாய்ப் பளிச்சென்று காட்டும், அது இல்லாமல் மனுஷருக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. நீ பாவம், சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற மாதிரி, சாதா வெளிச்சமும் ஊதா வெளிச்சமும் சேர்ந்தே வருகிற சின்ன டார்ச் ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லி, தட்டையாக ஒன்று உருண்டையாக ஒன்று என்று ரெண்டு படம் அனுப்பினாய். அன்றைக்கு ஆரம்பித்தது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குக்கூட அவர் இவ்வளவு யோசிக்கவில்லை. அதில் தட்டையாக இருக்கிறதே, அதே மாதிரி ஒன்றை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று இரவல் கொடுத்திருக்கிறார். அதைப் பையில் செருகிக்கொண்டு ஒரே பெருமை. ஊதா வெளிச்சத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் வெறும் ஊதாவாகக் கொட்டி கசிவையே மறைத்துவிடுமாம். வாலில் காந்தம் இருந்தால் பானெட்டில் ஒட்டிவிட்டு ரெண்டு கையாலும் வேலை பார்க்கலாமாம். இதுவரை பல்லில் கடித்துக்கொண்டுதானே பார்த்தார், கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று போன மாதம் வைத்தியரிடம் போய் உட்கார்ந்ததும் அதனால்தான், உன்னிடம் வேறென்னவோ சொல்லியிருப்பார். எல்லாம் பார்த்துவிட்டு, தட்டை வேண்டாம், உருண்டையாக இருக்கிறதே அதுதான் வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். தட்டையில் ரெண்டு பொத்தானும் பக்கம் பக்கமாக இருக்கிறது, இருட்டில் அவசரத்துக்கு அமுக்கினால் வெள்ளைக்குப் பதில் ஊதா வந்து நிற்கிறது, அந்த வெளிச்சத்தை நேராகக் கண்ணில் வாங்கக் கூடாது, உருண்டையில் வளையத்தைத் திருப்பினால்தான் ஊதா வரும், தப்பே நடக்காது என்கிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உன்னிடம் போனில் இதைச் சொல்லியிருப்பார். நீயும் சரிப்பா சரிப்பா என்று கேட்டுக்கொண்டிருப்பாய், ஆர்டர் போட்டிருந்தாலும் நிறுத்திவிடு, நான் சொல்வதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் போடு.

போன வாரம் ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அப்பா ஒரு காரை விட்டுவிட்டு வரப் போயிருந்தார், டார்ச் மேஜைமேல் கிடந்தது. எடுத்து அமுக்கினேன், அவர் சொன்ன மாதிரியே தப்பான பொத்தான், ஊதா வந்தது. பார்த்தால் தண்ணீர்க் குழாய் முழுக்கப் பச்சைப் பச்சையாய் விரல் தடம்! பயந்தே போய்விட்டேன். அப்புறம்தான் புரிந்தது, அந்தச் சாயம். உன் அப்பாவுக்குத்தான் கையுறை போடுவதென்றால் கௌரவக் குறைச்சலாயிற்றே. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், என் கை மாதிரி சுத்தம் எவன் கை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், வீடு முழுக்கக் கைநாட்டு வைத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்கும் சோப்புக்கும் போகாது, இந்த வெளிச்சத்துக்கு மட்டும் தெரியும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துண்டில், டிவி ரிமோட்டில், நான் ஒளித்து வைத்திருக்கிற பிஸ்கட் டப்பா மூடியில் அஞ்சு விரலும் அச்சாக! சர்க்கரை இருக்கிற உடம்பு, தொடவே இல்லை என்று சாதித்தவர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். என் மிஷின் சக்கரத்திலும் இருந்தது. அது தானாகவே லேசாகச் சுற்றுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாமல் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வரட்டும், இன்றைக்கு ஒரு பிடி பிடிக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே போனேன், போய் உன் ரூம் கதவில் நின்றேன்.

கண்ணு, அந்த ரூமுக்குள் அவர் போவதில்லை. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். நீ போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான்தான் கூட்டித் துடைக்கிறேன், கொஞ்சம் வந்து பரணில் இருப்பதை இறக்கிக் கொடுங்களேன் என்றால்கூட, அங்க எனக்கென்ன வேலை என்று பேப்பரை விரித்துக்கொள்வார். கதவுப் பிடியில் வெளிச்சத்தை அடித்தேன், ஒரு கை ரெண்டு கை இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடி முழுக்கப் பச்சை. உள்ளே போனேன். உன் நாற்காலி முதுகில் இருந்தது. ஜன்னல் கட்டையில் ரெண்டு உள்ளங்கையும் பக்கம் பக்கமாக ஊன்றியிருந்தது, நீ வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவாயே அந்த முனை தெரிகிற ஜன்னலில். கதவுக்குப் பின்னால் ஆணியில் உன் நீல ஹெல்மெட் தொங்குகிறது அல்லவா, அதன் உச்சியிலும் கை வைத்திருக்கிறார், உன் தலையைத் தடவுகிற மாதிரி. எத்தனை தடவை தடவினாரோ, விரல் எது உள்ளங்கை எது என்று தெரியாமல் ஒரே பச்சையாகக் கிடந்தது. நான் உன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீ விமானம் ஏறிய அன்றைக்குக்கூட நான் அவ்வளவு அழவில்லை. கரண்ட் வந்ததும் ஒன்றுமே தெரியவில்லை, ஹெல்மெட் வெறும் ஹெல்மெட்டாகத் தொங்கியது. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பிஸ்கட்டைப் பற்றி மட்டும் சண்டை போட்டேன். மற்றதைக் கேட்கவில்லை. கேட்டால், தூசி தட்டினேன் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார், அதற்கப்புறம் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிடுவார். கல்லுளிமங்கனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா?

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பாலம் கட்டுகிற வேலை முடிகிறது, இன்னும் மூன்று வருஷம் இரு என்று கம்பெனியில் சொல்கிறார்கள், அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் ரெண்டு பேரும் சொல்கிறபடி செய்கிறேன் என்று கேட்டாய். நீ கேட்டு முடிப்பதற்குள் அவர், தாராளமா இரும்மா, இங்க என்ன கொறைச்சல், நாங்க ராஜா ராணி மாதிரி இருக்கோம் என்றார். நானும் பக்கத்திலிருந்து ஆமாம் ஆமாம் என்றேன். அவரே கலங்காமல் சொல்கிறாரே, நான் அழுது உன் பிழைப்பைக் கெடுப்பானேன் என்றுதான். அவரும் என்னைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருப்பார் போலிருக்கிறது. இப்படியே ஒருத்தருக்கொருத்தர் தைரியசாலி வேஷம் போட்டு உன்னை மூன்று வருஷம் அங்கேயே இருத்திவிட்டால் யாருக்கு என்ன லாபம்? எனக்கு நீ வேண்டும். சாயங்காலமானால் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் மிஷினை நிறுத்திவிடுகிறேன். உன் படிப்புக்கும் திறமைக்கும் இங்கேயும் வேலை கிடைக்கும், சம்பளம் குறைவாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். நீ அங்கேதான் சந்தோஷமாக இருக்கிறாய் என்றால் அதைச் சொல், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் எங்கள் பேச்சைக் கேட்டு இருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதே, நாங்கள் பேசியது பொய்.

அதனால் உருண்டை வேண்டாம், தட்டையையே வாங்கு. கறுப்புக் கண்ணாடியும் காந்தமும் அதிலும் இருக்கிறது, வேலைக்கு ஒரு குறையும் வராது. கேட்டால் உருண்டை தீர்ந்துபோய்விட்டது என்று சொல். இரவல் டார்ச்சை நாளைக்குத் திருப்பிக் கொடுக்கிறார், நீ கூரியரில் சீக்கிரம் அனுப்பு. தினமும் பையில் வைத்திருப்பார், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கரண்ட் போகும், உன் ரூமில் அவசரத்துக்கு அமுக்குவார், தப்பான பொத்தானில்தான் விரல் விழும். நான் சொன்னால் மறுப்பார், அவர் கையே சொன்னால் யாரிடம் மறுப்பார்? போன ஞாயிற்றுக்கிழமை தரையை மட்டும் கூட்டினேன், ஹெல்மெட்டையும் ஜன்னலையும் துணியால் தொடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி கண் விழித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் வை. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். டார்ச் வந்து சேர்ந்ததும் ஒரு நாள் அப்பா நான் இல்லாத நேரமாகப் பார்த்து உன்னைக் கூப்பிடுவார். கம்பெனிக்குப் பதில் எழுதுவதை அதுவரை தள்ளிப்போடு. டார்ச் நல்லா இருக்கும்மா என்று மட்டும்தான் சொல்வார், வேறு எதுவும் அவர் வாயிலிருந்து வராது. நீ உடனே போனை வைத்துவிடாதே, அவர் பேசாமல் இருப்பதையும் கொஞ்ச நேரம் கேள்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா