மாத்திரையும் மிச்ச ஜூஸும்

என் செல்லப் பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, உன் தங்கை குட்டி, நான் மூவரும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று எழுதிவிடலாம்தான், ஆனால் தொடை வலிக்கிறது, படி ஏற முடியவில்லை என்று நீ சொன்ன பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வேலைக்குக் கிளம்பிவிடுகிறாய். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாதே, அதனால்தான் குட்டியைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கொழுப்பு மாத்திரைதான் காலைப் பிடிக்குது, நிறுத்திட்டேன்னு சொன்னாய். அதே பேச்சில் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். காலைச் சாப்பாட்டுக்கு வந்த விருந்தினர் போன பிறகு மிச்ச ஜூஸை எடுத்து வைக்கக் கூடாது என்பது உங்கள் ஓட்டல் சமையலறையில் சட்டமாம், ஜாடிகளைக் கழுவப் போடும் முன் நீங்களே குடித்துத் தீர்ப்பீர்களாம், ஆரஞ்சுக்கு அடிதடி நடக்குமாம், பம்ளிமாஸ் ஜாதிக் கிரேப்ஃப்ரூட்டை மட்டும் யாரும் சீண்ட மாட்டார்களாம். கசப்புன்னா கொழுப்பைக் கரைக்கும்ல, அதான் அந்த ஜாடி முழுக்க எனக்கு, மாத்திரையையும் அதுலயே முழுங்கிடுவேன்னு பெருமை வேறு. போனை வைத்த பிறகும் அந்த ஜாடி என் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அப்பா சாப்பிடுவதும் அதே மாத்திரைதானே, உடனே அவருடைய டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தப் பழமும் இந்த மாத்திரையும் சேரவே கூடாதும்மா, உடம்பு மருந்தைக் கரைச்சு வெளியேத்துறதை அது தடுத்துடும், ரத்தத்துல மருந்து ஏறிடும், தசை வலி வரலாம் என்றார். காலையில் ஜூஸ், ராத்திரி மாத்திரை என்று பிரித்துக்கொண்டால் ஆகாதா என்றேன். அந்த ஜூஸோட வேகம் ஒரு நாள் தாண்டியும் உடம்புல நிக்கும், பேசாம அதை மறந்துடச் சொல்லுங்க என்றார். ஆரஞ்சு குடிக்கலாமாம், அடிதடியில் நீயும் இறங்கு. வலிக்கு ஜூஸ்தான் காரணம் என்று ரத்தம் பார்க்காமல் அவர் சொல்ல மாட்டாராம், அவர் டாக்டர். நான் உன் அம்மா, எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நாளைக்கே உன் டாக்டரைப் பார், ஜாடிக் கதையை மறைக்காமல் சொல். மாத்திரையை நீயாக நிறுத்தினாய், நீயாகவே மறுபடி தொடங்கவும் வேண்டாம், அவர் சொல்கிறபடி செய். அதற்குள் சிறுநீர் கறுத்துப் போனாலோ வலி கூடினாலோ காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. உனக்கு இது நாக்கால் வந்த கொழுப்பு இல்லை, அப்பா வழியாக ரத்தத்தில் வந்தது. முப்பதுகளிலேயே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்ததை நீயும்தான் பார்த்தாய். அதற்காக மாத்திரை இருக்கே என்று வெண்ணெயை அள்ளிப் பூசாதே. வேலை முடிந்து நண்பர்களோடு குடிப்பதைப் பற்றி நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம், ஆனால் டாக்டரிடம் சொல், கல்லீரல் பொய் சொல்லாது.

இனிமேல் சொல்வதுதான் என்னைத் தூங்கவிடாதது. நீ நிறுத்தியதைக் கேட்டு அப்பாவும் நிறுத்திவிட்டார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் மூளை எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும், அடைச்ச குழாயைத்தான் ஆஸ்பத்திரியில சரி பண்ணி அனுப்பிட்டாங்களே, ஓடுற மிஷினுக்கு எதுக்குடி மருந்துங்கிறார். குட்டிகூட மாத்திரையைத் தட்டில் வைத்து நீட்டிப் பார்த்தாள், அவளுக்கு ஒரு முத்தம் கிடைத்தது, மாத்திரை தட்டிலேயே இருந்தது. டாக்டரம்மா பெயரைச் சொன்னால் படிச்ச என் பிள்ளையே வேணாம்னுட்டான், அவன் வந்து சொல்லட்டும் என்று டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொல்லி அவர் கேட்டதில்லை, நீ சொல்லிக் கேட்காமல் இருந்ததும் இல்லை. உனக்கு வந்தது கால் வலி, அவருக்கு வந்தால் அது நெஞ்சு. கடிதம் உன் கைக்கு வந்து சேரும்வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை, எழுதி முடித்ததும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன்.

நீ நூறு வயது வாழ வேண்டும், அதற்கான உடம்பைக் கடவுள் கொடுத்திருக்கிறார், காப்பாற்றிக்கொள்ளும் புத்தியையும் கொடுக்கட்டும். டாக்டரிடம் போகுமுன் உன் அப்பாவைக் கூப்பிடு. என்னிடம் பேச வேண்டாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் பண்ணினது தப்புப்பா, நீங்க இன்னைக்கே போட்டுடுங்கன்னு அவரிடம் ஒரு வார்த்தை சொல். அவர் கையில் தண்ணீர் கொடுக்க நான் பக்கத்திலேயே நிற்பேன்.

உன் பதிலுக்காகக் கண்ணை மூடாமல் இருக்கும்,
அம்மா