உடன் படி

ஜூன் 2, திங்கள்

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்திற்கு என் மேலுதட்டில் மூன்றாவது மீசை முடி முளைத்திருக்கிறது. மூத்த இருவரும் நலம். நேரில் வந்து வாழ்த்துவதைத் தவிர்க்கவும்.

அடுத்த செய்தி: பதினைந்தாம் தேதி ஆராதனையில் சங்கீதம் 89-ஐ வாசிக்கப் போவது அடியேன். ஐம்பத்திரண்டு வசனம், தனியாக. யார் வாசிப்பீர்கள் என்று போதகர் கேட்டபோது பின்வரிசையில் எவனோ "ரிப்பீட்டு!" என்றான். என் பட்டப்பெயர் அது. திக்குகிறவனுக்கு வேறென்ன வைப்பார்கள்? எல்லாரும் சிரித்தார்கள். ரோஷத்தில் கையைத் தூக்கிவிட்டேன்.

அப்பா பேருந்து ஓட்டுகிறவர். பெரும்பாலான ஞாயிறுகளில் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான் இருப்பார்.

"முதல் பெஞ்சுல இருப்பேன்டா. ஷிஃப்ட்ட மாத்திக்கறேன்."

"ச-சத்தியமா?"

"சொன்னா சொன்னதுதான்."

ஜூன் 7, சனி

சபையில் ஒரு கல்யாணம். பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவது அப்பாவின் பொறுப்பு. எல்லாம் தகர எண்கள். 6-ஐத் தலைகீழாக்கினால் 9. இந்த மகத்தான கண்டுபிடிப்பை நான் பயன்படுத்தாமல் வேறு யார் பயன்படுத்துவது? 166-ஐ 199 ஆக்கினேன்.

199 என்ன பாட்டு என்று பார்த்திருக்க வேண்டும். சாவு வீட்டில் பாடும் அடக்க ஆராதனைப் பாட்டு.

ஆர்கன் வாசிக்கிறவர் பலகையை நம்பினார். சபை ஆர்கனை நம்பியது. மணமகள் இரண்டாம் வரியில் அழுதாள். ஆனந்தக் கண்ணீர் இல்லை.

மாப்பிள்ளையின் மாமா எல்லார் முன்னாலும் அப்பாவைப் பிடித்துக் கத்தினார். அப்பா தலையைக் குனிந்து, "என் தப்புதான், மன்னிச்சிருங்க" என்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். சிரிப்பு வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மாட்டினேன்.

"நம்பரத் திருப்பினது நீயா?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா."

ஒரு திக்கல் இல்லாமல் வந்தது. அதுதான் வினை. பொய் சொல்லும்போது மட்டும் என் நாக்கு சறுக்குமரத்தில் போவதுபோல் போகும். அது அப்பாவுக்குத் தெரியும்.

தீர்ப்பு: மணமகள் வீட்டுக்கு நானே போய்ச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் போனைத் தொடக் கூடாது. தகர எண்கள் அத்தனையையும் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும்.

"அப்ப... பதினஞ்சாம் தேதி... வ-வரமாட்டீங்களா?"

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தண்டனை தண்டனை. வர்றேன்னு சொன்னது வர்றேன்னு சொன்னது. ரெண்டையும் ஏன்டா ஒரே பையில போடுற?"

ஜூன் 9, திங்கள்

"ம-ம-மன்னிச்சிருங்கக்கா" என்று நான் முடிப்பதற்குள் அந்த மணமகள் அக்காவே சிரித்துவிட்டாள். திக்கலே, உனக்கு முதல் நன்றி.

ஜூன் 11, புதன்

89-ஐ முழுசாகப் படித்தேன். முதல் பாதி பாராட்டு விழா. தாவீதுக்குக் கொடுத்த வாக்கைக் கடவுள் மறக்கவே மாட்டார், அவன் வம்சம் நிலைக்கும் என்று. நடுவில் ஓர் இடம்: பிள்ளைகள் வழி தவறினால் பிரம்படி உண்டு, ஆனால் அன்பை மட்டும் எடுத்துவிட மாட்டேன் என்கிறார். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். இந்த மாதிரிப் பேச்சு எங்கள் வீட்டில் போன ஞாயிறுதான் கேட்டது.

இரண்டாம் பாதி? புகார் மனு! கிரீடம் மண்ணில் கிடக்கிறது, நீர் சொன்னதெல்லாம் எங்கே என்று நேருக்கு நேர் சண்டை. இதையெல்லாம் ஆராதனையில் எப்படி விட்டார்கள்?

தையல் மெஷினில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அலமாரி மாட்டித் தர்றேன்னு உங்கப்பா சொல்லி ரெண்டு வருஷம். தினம் சண்டை போடுறேன்ல? ஏன்? அவரு சொன்னாரு, அதனால. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட போயா கேப்பேன்?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நம்பாத ஆள்கிட்ட எவளாவது சண்டை போடுவாளா?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பா: "மாட்டமாட்டேன்னு நான் இன்னும் சொல்லலையே."

ஜூன் 14, சனி

குளியலறையில் ஐம்பத்திரண்டும் சரளம். வாளி வாயைப் பிளந்தபடி கேட்டது. நாளை சபையே எழுந்து நிற்கும், பார்.

ஜூன் 15, ஞாயிறு

வெற்றி! சபையே எழுந்து நின்றது! முப்பத்துநான்காம் வசனத்தில் நான் "உடன் படி" என்று ஆணையிட்டேன். அப்பா எழுந்தார், அம்மா எழுந்தாள், அத்தனை பேரும் எழுந்து கடைசி ஆமென் வரை என்னோடு சேர்ந்து வாசித்தார்கள். போதகர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உடன்படிக்கைன்னா உடன் படிக்கிறதுன்னு காட்டிட்டியே தம்பி! என்னா யோசனை!"

"எல்லாம் முன்னாடியே திட்டம் போட்டதுதான் ஐயா" என்றேன். துளியும் திக்காமல்.

சிலேடைச் சக்கரவர்த்தி என்று இனி என்னை அழைக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

சரி. சொல்லிவிடுகிறேன்.

திட்டமும் இல்லை, மண்ணும் இல்லை. நீளமான சொல் எனக்குக் கண்டம், அதிலும் உயிரெழுத்தில் தொடங்கினால் கேட்கவே வேண்டாம். மூன்றாம் வசனத்தில் 'உடன்படிக்கை' வந்தபோது இருமி விழுங்கினேன். இருபத்தெட்டில் மூக்கைத் துடைத்தேன். முப்பத்துநான்கில் கைச்சரக்கு தீர்ந்துவிட்டது. உடன்படிக்கையை முறிக்க மாட்டேன், என் உதடு சொன்னதை மாற்ற மாட்டேன் என்று கடவுள் சொல்கிற இடம் அது. என் உதடோ ஒன்றும் சொல்ல மறுத்தது. "உ-உடன்... படி... உடன்... படி..." அதற்கு மேல் நகரவில்லை. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. எழுத்தெல்லாம் மங்கியது. ஓடிவிடலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன் —

முதல் பெஞ்சில் அப்பா எழுந்தார். பேருந்து இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரலில் வாசிக்க ஆரம்பித்தார். அதைப் பிடித்துக்கொண்டு என் குரலும் போனது. திக்கவில்லை. ஒரு சொல்லிலும் திக்கவில்லை! அந்தப் புகார் மனுவை இருவரும் சேர்ந்து கத்தினோம். பிறகுதான் மற்றவர்கள் எழுந்தார்கள். ஆண்டவரே, அந்த நிமிடத்துக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

இன்று மாலை எண்களைத் தேய்த்தபடி கேட்டேன். "நான் மாட்டிக்கிட்டேன்னு எப்படிப்பா தெ-தெரிஞ்சுது?"

"மாட்டிக்கிட்டியா?" நிஜமாகவே விழித்தார். "நீதானேடா 'உடன் படி, உடன் படி'ன்னு சொன்னே? கூடச் சேர்ந்து படிக்கச் சொல்றேன்னு நெனச்சேன். புள்ள அத்தன தடவ கூப்பிடுறான், உக்காந்திருக்க முடியுமா?"

போதகரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். திக்கித் திக்கித்தான்.

ஆக, சபை எழுந்து நின்ற அந்த வாசிப்பில் சக்கரவர்த்தியின் பங்கு ஒரே ஒரு சொல். அதிலும் பாதி.