யாரோடு ஆடினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் இங்கே ஒருவருக்கும் குறைவில்லை, உனக்கும் அப்படியே இருக்கட்டும். மனசுதான் சரியில்லை, போனில் சொன்னால் அப்பா காதில் விழும் என்று எழுதுகிறேன்.

அப்பாவின் வாலிபால் பெண்கள் வெற்றிப் பட்டியலில் பத்தொன்பதாவது இடத்தில் நிற்கிறார்கள், மொத்தமே இருபது பள்ளிதான். தலைமையாசிரியை அந்தத் தாளை அலுவலகக் கதவிலேயே ஒட்டிவிட்டார், வேறு பயிற்சியாளரை வைப்பதா என்று சனிக்கிழமை முடிவு சொல்வாராம். நீ ஆடியபோது குலுக்கல் இருந்தது, இப்போது யாரோடு ஆட வேண்டும் என்று பயிற்சியாளர்களே ஆறு பள்ளிகளை எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டை எழுதியது நான்தான், அப்பா கையெழுத்து யாருக்குப் புரியும்? போன வருஷம் முதல் ஆறு இடம் பிடித்த பள்ளிகளை வரிசையாகச் சொன்னார். "என்னங்க, ஒண்ணாவது லேசா இருக்கட்டுமே" என்றேன். "லேசானவங்கள ஜெயிச்சு புள்ளைங்க என்னத்தக் கத்துக்கும், நீ எழுது" என்றார். எழுதினேன். அவர்களும் மறுநாளே சரி என்றார்கள், சும்மா வருகிற வெற்றியை யார் விடுவார்? ஆறில் ஐந்து தோல்வி, அதில் மூன்று கடைசி செட்டில் இரண்டே புள்ளியில் போனது. பக்கத்துப் பள்ளிப் பயிற்சியாளர், அந்தக் கண்ணாடி மாஸ்டர், நோஞ்சான் அணிகளாகப் பொறுக்கியெடுத்து முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கடைத்தெருவில் அப்பாவைப் பார்த்து, "பட்டியலத் தலைகீழாப் புடிங்க சார், நீங்கதான் ரெண்டாவது" என்றாராம். அப்பாவும் சிரித்துவிட்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து பயிற்சிக்கு விசிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்.

எதிரணிகள் ஒவ்வொன்றும் எத்தனை ஜெயித்தவை என்று ஒரு தாளில் எழுதினேன். "தோத்ததுக்குக் காரணம் சொல்லாத, அசிங்கம்" என்று அதை மடித்து வைத்துவிட்டார். இன்று காலை அவருக்குத் தெரியாமல் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டேன். நின்றபடியே வாங்கி, "பாக்கலாம்மா" என்றார். பார்ப்பாரோ மாட்டாரோ. அப்பாவுக்குத் தெரிந்தால் என்னோடு பேசமாட்டார்.

அந்தத் தாளை எழுதும்போது உன் நினைவுதான். அங்கே போன முதல் வருஷம் வகுப்பில் கடைசியில் நின்றாயே, எத்தனாவது என்றுதான் நானும் கேட்டேன். எப்பேர்ப்பட்ட பிள்ளைகளோடு படிக்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது உறுத்துகிறது.

இருமலை அலட்சியப்படுத்தாதே, வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை முடிவு எதுவானாலும் அப்பாவுக்குப் போன் பண்ணு. எந்த இடம் என்று கேட்காதே. ஜெயித்த அந்த ஒரு ஆட்டம் யாரோடு என்று கேள், போன வருஷம் இரண்டாவதாக வந்தவர்களோடு. அதை அவர் வாயால் சொல்லட்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அம்மா