மூலையில் இருந்த எண்கள்

செவ்வாய், இரவு பத்தரை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓடையைப் பற்றிச் சொல்லித்தர நாங்கள் எடுத்த வீடியோவில், ருக்மணி அக்காவின் முகத்தை மறைத்தது நான்தான். அவர் தன் வீட்டுக் கிணற்றோரம் நின்று பேசுகிறார். பின்னால் ஒரு டேங்கர் லாரி ஓடைக்குள் சாயக்கழிவைத் திறந்துவிடுவது தெளிவாகத் தெரிகிறது.

எங்கள் தன்னார்வக் குழுவில் எதை எடுத்தாலும் இடமும் நேரமும் படத்திலேயே பதியும் செயலியில்தான் எடுப்போம். ஆதாரம் வேண்டும் என்று அடம்பிடித்தவனும் நான்தான். முகத்தை மறைத்தேன், மூலையில் இடத்தைக் காட்டும் அந்த எண்களை விட்டுவிட்டேன். படித்த முட்டாள்.

சாயங்காலம் அக்கா போன் செய்தார்.

"ரெண்டு பேரு வந்தாங்க கண்ணு. கிணத்தச் சுத்திப் பாத்தாங்க. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல, நாய்க்குக் கூட பிஸ்கட் போட்டாங்க. என்ற மூஞ்சியே தெரியாதுன்னியே, அப்பறம் ஊட்டுக்கு எப்படி வந்தாங்க?"

"தெரியலீங்கக்கா" என்று பொய் சொன்னேன்.

இணையத்தில் போட்டிருந்த வீடியோவை நீக்கிவிட்டேன். அதற்குள் எத்தனை போனுக்குப் போயிருக்குமோ.

சற்று முன் மறுபடியும் கூப்பிட்டேன். கதவைச் சாத்தியாயிற்று என்றார். காலையில் நேரில் வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். அவர் போனில் பேசினால் பின்னால் அந்த நாய் ஓயாமல் குரைக்கும். இந்த முறை குரைக்கவில்லை.