கியர் வண்டி ஓட்டத் தெரிந்தவள்

இன்று காலை கலிபோர்னியாவின் பிளசன்டனில் ஒரு மேட்டுச் சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற பழைய பிக்கப் டிரக், பின்னால் சரிந்து, உறுமி, மறுபடி ஏறியது. கிளட்ச் கருகும் வாடை என் காருக்குள் வந்தது. கண்ணாடியை ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. கொஞ்ச நாளாக உன்னை நினைக்காமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன், அது அதோடு போயிற்று.

லண்டன் விமான நிலையத்து வாடகைக் கார் நிறுத்தத்திலும் இதே வாடைதான். 2002 கோடை. நியூ ஜெர்ஸியில் பிஸ்கட்டவே என்ற ஊரில், ஒரே அபார்ட்மெண்டில் நீங்கள் கீழ் வீடு, நான் மேல் வீடு. நீயும் உன் வீட்டுக்காரரும் மூன்று வயது மகள் மதுவோடு ஊருக்குப் புறப்பட்டீர்கள். தனியாளான நானும் அதே விமானத்தில் டிக்கெட் போட்டேன். வழியில் இங்கிலாந்தில் இறங்குவது உன் வீட்டுக்காரரின் யோசனை. ஆபீஸ் காலண்டரில் ஒரு குட்டிக் கிராமத்தைப் பார்த்திருந்தார். அதைச் சுற்றி ஒரு கோட்டை, இடிந்த மடாலயம், லாவெண்டர் வயல். "விசா எடுத்தாச்சு, மிஸ் பண்ணக் கூடாது. ஒரே நாள்ல எல்லாத்தையும் கவர் பண்ணிடலாம்" என்றார்.

இடப்பக்கம் ஓட்ட வேண்டுமே என்றேன். "நம்ம ஊரும் லெஃப்ட்தானே, என்ன பெரிய விஷயம்?" என்றார். நம்ம ஊரில் அவர் ஓட்டியது சைக்கிள். ஸ்டியரிங்கை அவர் முதன்முதலில் தொட்டது நியூ ஜெர்ஸியில்தான், நானும் அப்படித்தான். அமெரிக்காவுக்கு வந்து ஆட்டோமேட்டிக்கில் கற்றுக்கொண்டு, உலகத்துக் கார் எல்லாம் அப்படியே இருக்கும் என்று நம்பிய ஜாதி நாங்கள். என்ன கார் என்று கேட்காமலே பதிவு செய்திருந்தார். அங்கே கொடுத்தது கியர் வண்டி. மாற்றிக் கொடுக்க வேறு வண்டியும் அவர்களிடம் இல்லை.

கார் தவளை மாதிரி தத்தியது, நின்றது, மறுபடி தத்தியது. அவர் கழுத்து வியர்த்தது. பின் சீட்டிலிருந்து நீ மெதுவாகக் கேட்டாய்.

"ஏனுங்க, நான் வேணா ஓட்டட்டுங்களா?"

"நீயா? பிஸ்கட்டவேலயே ஓட்ட மாட்டே. ஃப்ரீவேன்னா பயம் உனக்கு."

உனக்குப் பயம் என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர்தான் எல்லா வீட்டு விருந்திலும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உனக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்ததுகூட விமான நிலையத்தில் காட்ட ஐடி வேண்டும் என்பதற்காக.

"திருப்பூர்ல எங்கப்பா ஆம்னி வேன்ல நூல் மூட்டை ஏத்திக்கிட்டு ஓட்டினவதானுங்க" என்றாய். மூன்று வருடப் பழக்கத்தில் எனக்கே அது புதுச் செய்தி. வேறு வழியில்லாமல் அவர் இறங்கினார். கவுண்டரில் உன் பெயரையும் சேர்த்தார்கள்.

நீ சீட்டை முன்னால் இழுத்துப் போட்டாய், கண்ணாடியைத் திருப்பினாய், புடவை முந்தானையை இடுப்பில் செருகினாய். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. அவர் பக்கத்தில் மேப்பை விரித்துக்கொண்டு "லெஃப்ட், லெஃப்ட்" என்று நேர் ரோட்டிலும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் மதுவுக்குப் பிஸ்கட் ஊட்டிக்கொண்டு, நீ கியர் மாற்றும் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிராமத்துக்கு முன்னால் பாதை குறுகியது. இரண்டு பக்கமும் ஆள் உயர வேலிச் செடி, நடுவில் ஒரு வண்டிக்கு மட்டும் இடம். எதிரே ஒரு டிராக்டர். உன் வீட்டுக்காரர், "நில்லு, அவன் பின்னாடி போகட்டும்" என்றார். நீ கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடியைப் பார்த்தபடி, வளைவோடு வளைந்து, ஒரே மூச்சில் பின்னுக்குப் போய் ஒரு வயல் வாசலில் ஒதுங்கினாய். டிராக்டர் கிழவர் தொப்பியைத் தொட்டு, நம்ம ஊரில் 'கண்ணு' என்பது மாதிரி, "வெல் டன், லவ்" என்று சொல்லிப் போனார்.

"லவ்வாமே! யாருடா இவன்?" என்றார் உன் வீட்டுக்காரர். நீ சிரித்த சிரிப்பில் மதுவும் காரணம் தெரியாமல் சிரித்தாள்.

கிராமம் அழகுதான். பழுப்பு மஞ்சள் கல் வீடுகள், தெரு ஓரமாக ஓடும் ஓடை, அதில் வாத்துகள், சர்ச்சை ஒட்டிச் சாய்ந்து நின்ற கல்லறைக் கற்கள். அவர் எல்லா வாசலிலும் நம்மை நிறுத்திப் படம் எடுத்தார். நீ எதையும் பார்க்கவில்லை. கார் நின்ற பக்கமே திரும்பிக்கொண்டிருந்தாய். கோட்டையிலும் மடாலயத்திலும் வழக்கமாக அவர்தான் அவசரப்படுத்துவார், அன்றைக்கு நீ அவசரப்படுத்தினாய். சீக்கிரம் பார்த்து முடித்தால் சீக்கிரம் வண்டி எடுக்கலாம் அல்லவா? அந்தக் கோட்டைக்குள் என்ன இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

லாவெண்டர் வயலில் அவர் மதுவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். நீ என் காதருகே சொன்னாய்: "அக்கா, கல்யாணத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் நான் போற பக்கம் எல்லாரும் வர்றாங்க."

அன்று மாலை ஹோட்டலில் அவர், "ரோடு காலியா இருந்துச்சு, லக்" என்றார். மறுநாள் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாம் ரயிலில் ஏறினோம். பிஸ்கட்டவே திரும்பியதும் கார்ச் சாவி பழையபடி அவர் சட்டைப்பைக்குள் போய்விட்டது. லண்டன் கதையை ஊரெல்லாம் சொன்னார், ஓட்டியது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. நான் பல்லைக் கடித்தேன். "பரவால்லீங்க்கா, அவருக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றாய் நீ. உன்னுடைய அந்தப் பரவாயில்லை மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அவர் மேல் இருப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல அது.

பிறகு வேலை மாறி நான் கலிபோர்னியா வந்தேன். நீங்கள் வீடு வாங்கினீர்கள், இரண்டாவது காரும் வாங்கினீர்கள். அந்த இரண்டாவது கார் பெரும்பாலும் கராஜில் நின்றது. மார்பில் கட்டி மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது என்று நீ போனில் சொன்னபோது, டாக்டரிடம் போனாயா என்று கேட்டேன். "அவருக்கு ஆபீஸ்ல இந்த வாரம் சாஃப்ட்வேர் ரிலீஸ்ங்க்கா. அடுத்த வாரம் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்னிருக்காரு" என்றாய். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாய். அப்பாயின்ட்மென்ட் தள்ளிக்கொண்டே போனது. கராஜில் கார் நிற்கிறது, எடுத்துக்கொண்டு போடி என்று கத்தினேன். "தனியா எடுத்தா சண்டை வரும்ங்க்கா" என்றாய். அந்தக் கிளினிக் உன் வீட்டிலிருந்து ஒரு பாட்டு கேட்டு முடிக்கும் தூரம்.

சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி யாரும் சொல்லவில்லை. ஆனால் நீ உன் கையால் வண்டி எடுத்துக்கொண்டு போயிருப்பாய், அது எனக்குத் தெரியும்.

இந்த வசந்தத்தில் உன் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் வீட்டுக்காரர் அழுதபடி சொன்னார்: "அவளுக்கு டிரைவிங்னாலே பயம். கோயில், டாக்டர், கடை, எங்க போனாலும் நான்தான் கூட்டிட்டுப் போனேன்." பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவர் முகத்தில் இல்லை. அங்கிள்களும் ஆன்ட்டிகளும் தலையாட்டினார்கள். "கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டார்" என்றாள் ஒருத்தி. நான் எழுந்து மாடிக்குப் போனேன்.

படியில் மது உட்கார்ந்திருந்தாள். பத்து வயதாகிவிட்டது, முகம் உன்னுடையது. பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாளைச் சொன்னேன். அவர் கையில் கார் தத்தியதை, நீ முந்தானையைச் செருகியதை, டிராக்டரை, பின்னுக்கு எடுத்ததை. நான் தமிழில் சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பட் அம்மா வாஸ் ஸ்கேர்ட் ஆஃப் டிரைவிங், ஆன்ட்டி" என்றாள். "அப்பா ஆல்வேஸ் சொல்வார்."

"இல்ல கண்ணு, நான் அந்தக் கார்ல இருந்தேன், நீயும் இருந்தே" என்றேன். அவள் என் முழங்கையைத் தட்டிக் கொடுத்தாள். துக்கத்தில் எதையோ உளறும் பெரியவர்களிடம் குழந்தைகள் காட்டும் அந்தக் கருணை. "இட்ஸ் ஓகே, ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

அந்தக் காரில் நால்வர் இருந்தோம். நீ போய்விட்டாய். உன் மகளுக்கு நினைவில்லை. உன் வீட்டுக்காரர் அதைத் தன் மனசிலிருந்தே துடைத்துவிட்டார். நீ ஓட்டினாய் என்பது இனி நான் ஒருத்தி சொன்னால்தான் உண்டு. சொன்னேன், உன் மகள் நம்பவில்லை.