அக்கா காதில் விழுந்த பட்டன்கள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம்தான் என்று நீ அனுப்புகிற சாப்பாட்டுப் படங்களைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன், கூடவே நாலு வார்த்தை எழுதினால் விரல் தேய்ந்துவிடுமே உனக்கு.

அக்கா வேலை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். பார்வை போன பிறகு அவளைச் சேர்த்துக்கொண்ட அந்தப் பார்சல் கம்பெனி எப்பேர்ப்பட்ட தர்மப்பிரபு என்று உனக்குத் தெரியும், சேர்ந்த அன்றே பூங்கொத்தோடு அவளைப் படம் பிடித்து வாசல் சுவரில் மாட்டினார்கள். பார்சல் வரவில்லை என்று போனில் கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. திரையில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரே அவள் காதுக்குள் படித்துச் சொல்லும், இவள் தட்டிக்கொண்டே போவாள். நன்றாகத்தான் ஓடியது. நன்றாக ஓடுவதைச் சும்மா விட்டால் அவர் என்ன மேனேஜர்? புது சாப்ட்வேர் கொண்டுவந்தார். கண்கொள்ளாத அழகாம், எழுத்தே கிடையாதாம், எல்லாம் படம் படமாக இருக்குமாம். செய்தவர்கள் அந்தப் படங்களுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் படித்துச் சொல்வதற்குப் பெயர் கொடுக்க மறந்துவிட்டார்கள். அதனால் அவள் காதில் பட்டன், பட்டன், பட்டன் என்று மட்டும்தான் கேட்டது. எது பார்சலைத் தேடும், எது போனைத் துண்டிக்கும் என்று யார் கண்டது? இவள்மேல் புகார் குவிந்தது. மேனேஜருக்கு மனசு கேட்கவில்லை, பாவம். "உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம், வாசல்ல உக்காந்து வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லுங்க, போதும்" என்று சொல்லி, சுவரில் மாட்டிய அவள் படத்துக்குக் கீழேயே நாற்காலியும் போட்டுவிட்டார். உன் அத்தைக்கு ஒரே பூரிப்பு, உட்கார்ந்த இடத்தில் சம்பளம் என்று. நீ மட்டும் சளைத்தவனா, "வேலைய விடச் சொல்லும்மா, நான் பாத்துக்கறேன்" என்று அங்கிருந்தபடியே வள்ளலானாய்.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? புது சாப்ட்வேரைப் பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்த அன்று, வாசல் நாற்காலியை விட்டுவிட்டுத் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாளாம். காதில் மாட்டுவதைப் பிடுங்கிவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தாளாம். கூடம் முழுக்கப் பட்டன், பட்டன், பட்டன். வந்த அம்மாள் ஒருத்தி என்ன இது என்று கேட்க, "இதாங்க உங்க புது சாப்ட்வேர். எனக்கு இப்படித்தான் தெரியுது. ஒவ்வொண்ணுக்கும் பேர் போட்டுக் குடுங்க, என் வேலைய நான் பாத்துக்கறேன்" என்றாளாம். பயமாக இருந்ததை என்னிடம் மட்டும் சொன்னாள். அந்த வாரமே பெயர் போட்டுவிட்டார்கள், அவ்வளவு பெரிய வேலையாம் அது. இப்போது அதெல்லாம் தன் யோசனைதான் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டு திரிகிறார், திரியட்டும்.

நேற்று வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சிரித்தாள். "அம்மா, இன்னைக்கு ஒருத்தர் என்னை அப்படித் திட்டினாரு, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையான்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுங்கறது அவருக்குத் தெரியவே இல்லம்மா!" என்றாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று. நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, நல்ல தூக்கமும் நல்ல மனிதர்களும் உனக்கு வாய்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய். எடுத்ததும் குரலை இறக்கிக்கொண்டு எப்படிக்கா சமாளிக்கறே என்று ஆரம்பிக்காதே, வைத்துவிடுவாள்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா